யாரால்? – ஆங்கிலச் செயப்பாட்டு வினையும் நமது மனுக்களும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஆங்கிலப் பயிற்சி வகுப்பொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முழுதாகத் திருத்தவில்லை.)



கரும்பலகையில் ‘செய்வினை’ என்று எழுதியதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நியாயம்தான். நம்ம ஊரில் செய்வினைன்னா தகடு, முட்டை, எலுமிச்சம்பழம். ராத்திரியோட ராத்திரியா வாசல்ல புதைச்சுட்டுப் போயிடுவாங்க. யார் வச்சாங்கன்னு தெரியாது, பாதிப்பு மட்டும்தான் தெரியும். இலக்கணத்தில் இது தலைகீழ். செய்வினை வாக்கியத்தில் செய்தவர் முன்னால் வந்து நிற்பார். செயப்பாட்டு வினை வாக்கியத்தில்தான் பாதிப்பு தெரியும், செய்தவர் ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். அந்த இடத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். ‘ராமா கில்டு ராவணா.’ மாற்றி எழுது. ‘ராவணா வாஸ் கில்டு பை ராமா.’ சரியாக எழுதினால் ஒரு மார்க். முன்னால் இருப்பதைப் பின்னால் போடு, பின்னால் இருப்பதை முன்னால் போடு, நடுவில் ‘வாஸ்’ சேர், ‘பை’ சேர். அவ்வளவுதான் பாடம். எதற்காக மாற்ற வேண்டும், மாற்றினால் என்ன ஆகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளை ராவணனைக் கொல்ல வைத்ததோடு பாடம் முடிந்துபோனது. அதில் இருக்கிற அரசியலை இன்னொரு கூட்டத்தில் பேசலாம்.

நாம் நம்முடைய வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892 முதல் சென்னை மாகாண அரசு நமது மக்களுக்கு நிலம் ஒப்படைத்தது. பத்து வருஷத்துக்கு அதை யாருக்கும் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டும்தான் கொடுக்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி யார் கைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். அதை ஆங்கிலத்தில் எழுதுவோம்: ‘தே டுக் அவர் லேண்டு.’ அவர்கள் எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். ‘தே’ எழுவாய், ‘டுக்’ பயனிலை, ‘அவர் லேண்டு’ செயப்படுபொருள்.

இதைச் செயப்பாட்டு வினை ஆக்க மூன்று வேலை. ஒன்று, செயப்படுபொருளை முன்னால் கொண்டு வா: ‘அவர் லேண்டு’. இரண்டு, ‘பி’ என்கிற துணைவினையைக் காலத்துக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்றபடி போடு. நடந்தது, ஒருமை, ஆகவே ‘வாஸ்’. மூன்று, வினைச்சொல்லின் மூன்றாவது வடிவத்தை எழுது: டேக், டுக், டேக்கன். ‘அவர் லேண்டு வாஸ் டேக்கன்.’ வாக்கியம் முடிந்துவிட்டது. ‘பை தெம்’ என்று சேர்ப்பது நான்காவது வேலை. ஆங்கில இலக்கணம் அதைக் கட்டாயம் என்று சொல்லவில்லை. விரும்பினால் சேர்க்கலாம், விட்டுவிட்டாலும் பிழை இல்லை. இந்த நான்காவது வேலையில்தான் நம்முடைய வழக்கு முழுக்க இருக்கிறது.

அதற்கு முன் காலங்களைப் பார்த்துவிடுவோம். ‘டேக்கன்’ அசையாது, ‘பி’ மட்டும்தான் மாறும். ‘ஈஸ் டேக்கன்’ என்றால் வழக்கமாக எடுக்கப்படுகிறது. ‘ஈஸ் பீயிங் டேக்கன்’ என்றால் இப்போது நம் கண்முன்னால் எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. ‘வாஸ் டேக்கன்’, எடுக்கப்பட்டது. ‘ஹேஸ் பீன் டேக்கன்’, எடுக்கப்பட்டுவிட்டது, அதன் விளைவு இன்னும் தீரவில்லை. ‘ஹேட் பீன் டேக்கன்’, வேறொன்று நடப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. ‘வில் பி டேக்கன்’, எடுக்கப்படும். ‘கேனாட் பி டேக்கன்’, எடுக்கப்பட முடியாது.

இது வெறும் வாய்ப்பாடு இல்லை. நிலம் போன வருஷத்தைக் குறிப்பிட்டால் ‘வாஸ் டேக்கன்’ என்று எழுத வேண்டும். அது இன்னும் திருப்பித் தரப்படவில்லை என்பதற்கு ‘ஹேஸ் நாட் பீன் ரிட்டர்ன்டு’ என்று எழுத வேண்டும். இரண்டையும் ‘வாஸ்’ என்று எழுதினால் படிக்கிற அதிகாரி அதைப் பழங்கதையாக எடுத்துக்கொள்வார். நேற்றைக்கு வேலி போட ஆரம்பித்து இன்றைக்கும் கல் ஊன்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் ‘ஈஸ் பீயிங் ஃபென்ஸ்டு’. உடனே தடுக்கச் சொல்லுகிற மனுவுக்கு அந்த ‘பீயிங்’தான் உயிர்.

அடுத்தது நம் பிள்ளைகள் அதிகம் செய்கிற இரண்டு தவறுகள்.

முதல் தவறு ‘பை’யும் ‘வித்’தும். தமிழில் ‘ஆல்’ என்ற உருபு இரண்டு வேலை பார்க்கிறது. ‘தடியால் அடிக்கப்பட்டான்’ என்கிறோம், ‘போலீசால் அடிக்கப்பட்டான்’ என்கிறோம். இரண்டுக்கும் ஒரே ‘ஆல்’. ஆங்கிலத்தில் ஆள் என்றால் ‘பை’, கருவி என்றால் ‘வித்’. ‘ஹீ வாஸ் பீட்டன் வித் எ லாத்தி பை தி போலீஸ்.’ நம்முடைய பையன் அவசரத்தில் ‘ஹீ வாஸ் பீட்டன் பை லாத்தி’ என்று எழுதிவிடுகிறான். அடித்த ஆள் நிற்க வேண்டிய நாற்காலியில் தடியை உட்காரவைத்துவிட்டான். தடி தானாக எழுந்து வந்து யாரையும் அடிக்காது.

இரண்டாவது தவறு ‘ஹீ வாஸ் டைடு’. இதை எத்தனை விடைத்தாளில் பார்த்திருப்போம்! ‘டை’, ‘ஹேப்பன்’, ‘அக்கர்’ எல்லாம் செயப்படுபொருள் குன்றிய வினைகள். முன்னால் கொண்டுவரச் செயப்படுபொருளே கிடையாது, ஆகவே செயப்பாட்டு வினையும் கிடையாது. ‘ஹீ டைடு’ என்பதுதான் சரி. ஆனால் தோழர்களே, அந்தப் பையன் தெரியாமல் செய்த பிழையில் ஓர் உண்மை இருக்கிறது. அவன் மனசுக்குத் தெரியுது, அவர் தானாகச் சாகவில்லை என்று. அதனால் ‘வாஸ்’ போடுகிறான். அவனுக்குத் தேவைப்பட்டது வேறு வினைச்சொல்: ‘ஹீ வாஸ் கில்டு.’

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. செயப்பாட்டு வினை செய்தவனை ஒளித்துவைக்கிறது, ஆகவே அது ஆதிக்கத்தின் மொழி, செய்வினையில் எழுதுவதே புரட்சி என்று சிலர் சொல்வதுண்டு. பாதிதான் சரி. ஒளிப்பதில் அதைவிடப் பெரிய கில்லாடி ஒன்று இருக்கிறது. அதுதான் செயப்படுபொருள் குன்றிய வினை.

மூன்று வாக்கியம் சொல்கிறேன். ‘நிலம் கைமாறியது.’ ‘நிலம் கைமாற்றப்பட்டது.’ ‘நிலத்தை அவர் எழுதி வாங்கிக்கொண்டார்.’ மூன்றாவது வாக்கியத்தில் ஆள் நேரே நிற்கிறார். இரண்டாவதில் ஆளைக் காணோம், ஆனால் அவருடைய நாற்காலி காலியாகக் கிடக்கிறது. ‘யாரால்?’ என்று உடனே கேட்கலாம், இலக்கணமே அதற்கு இடம் தருகிறது. முதல் வாக்கியத்தில் நாற்காலியையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ‘நிலம் கைமாறியது யாரால்?’ என்று கேட்டால் கேள்வியே கோணலாக இருக்கிறது. நிலம் என்னமோ ஆடு மாடு மாதிரி தானே நடந்து போய்விட்டது போல!

தமிழில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ‘குடிசை எரிந்தது’ தன்வினை, ‘குடிசையை எரித்தார்கள்’ பிறவினை. சொல்லே மாறிவிடும். ஆங்கிலத்தில் ‘பர்ன்’, ‘பிரேக்’, ‘ட்ரவுன்’ மாதிரிச் சொற்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ‘தி ஹட்ஸ் பர்ன்டு’ என்றால் குடிசைகள் எரிந்தன. ‘தி ஹட்ஸ் வேர் பர்ன்டு’ என்றால் எரிக்கப்பட்டன. நடுவில் இருக்கிற ‘வேர்’ என்ற ஒரே ஒரு சொல்தான் விபத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் நிற்கிறது. மொழிபெயர்க்கும்போது அதை விட்டுவிட்டால் நாமே வழக்கை விபத்தாக்கிக் கொடுத்துவிடுகிறோம். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ‘எரிந்து’ போகவில்லை. எரிக்கப்பட்டார்கள்.

இன்னொன்று. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம். போலீஸ் தடியடி. ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் செத்துப்போனார்கள். இதை ‘செவன்டீன் ட்ரவுன்டு’ என்று எழுதலாம். பதினேழு பேர் மூழ்கினார்கள், ஆற்றில் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான். ‘தே வேர் டிரிவன் இன்டு தி ரிவர்’ என்றும் எழுதலாம். ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள். இப்போது நாற்காலி வந்துவிட்டது. யாரால் விரட்டப்பட்டார்கள்? ‘தி போலீஸ் ட்ரோவ் தெம் இன்டு தி ரிவர்.’ இப்போது ஆளும் வந்துவிட்டார். மூன்றும் இலக்கண சுத்தமான வாக்கியங்கள். எதை எழுதுவது என்பதை இலக்கணம் தீர்மானிக்காது, எழுதுகிறவர்தான் தீர்மானிக்கிறார். செய்தித்தாளில் ‘சம்பவம் நடந்தது’, ‘மோதல் வெடித்தது’, ‘துப்பாக்கிச் சூட்டில் பலி’ என்று படிக்கிறபோது வினைச்சொல்லைக் கவனியுங்கள். நாற்காலி இருக்கிறதா, தூக்கிவிட்டார்களா?

நம்முடைய பெயர்களிலும் இதே கதைதான். ‘தாழ்ந்த சாதி’ என்றார்கள். தாழ்ந்தது தன்வினை, தானாகவே தாழ்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். ‘தாழ்த்தப்பட்டோர்’ என்று சொன்ன அன்றைக்கே ‘யாரால்?’ என்ற கேள்வி பிறந்துவிட்டது. ‘ஒடுக்கப்பட்டோர்’ அதே மாதிரி. ஆங்கில அரசு எழுதிய ‘டிப்ரெஸ்டு கிளாசஸ்’ என்பதிலும் செயப்பாட்டின் வடிவம்தான் இருக்கிறது. ‘தலித்’ என்ற சொல்லே ‘தல்’ என்கிற வேரிலிருந்து வந்த செயப்பாட்டு எச்சம்தான்: உடைக்கப்பட்ட, நொறுக்கப்பட்ட. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அதைக் கையில் எடுத்தபோது, உடைத்தவன் யார் என்ற கேள்வியையும் சேர்த்தே எடுத்தார்கள். ‘தீண்டாமை’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்க. தீண்டாமல் இருப்பது யாருடைய செயல்? அவர்களுடைய செயல். குற்றம் அவர்களுடையது. அதையே ‘தீண்டத்தகாதவர்’ என்று மாற்றி, குறையை நம் உடம்பில் ஒட்டிவிட்டார்கள்.

சரி, அப்படியென்றால் செயப்பாட்டு வினையை எங்கே பயன்படுத்துவது? செய்தவர் உண்மையிலேயே தெரியாதபோது பயன்படுத்தலாம். கண்ணால் பார்க்காததற்கு ‘பை’ போட்டுப் பெயர் எழுதக் கூடாது. குறுக்கு விசாரணையில் அந்த ஒரு சொல்லே வழக்கைக் கவிழ்த்துவிடும். ‘எனக்குச் சொல்லப்பட்டது’ என்றால் ‘ஐ வாஸ் டோல்டு பை’ என்று எழுதி, சொன்னவர் பெயரைப் போடுங்கள். செய்தவர் யார் என்பது வெளிப்படையாக இருந்தாலும் பயன்படுத்தலாம்: ‘ஹீ வாஸ் அரெஸ்டெட்’ என்றால் போலீஸ்தான். பாதிக்கப்பட்டவரை முன்னால் நிறுத்த வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஒரு பத்தி முழுக்க நம்முடைய அம்மாவைப் பற்றியது என்றால், ‘ஷீ வாஸ் ஸ்டாப்டு, ஷீ வாஸ் அப்யூஸ்டு, ஷீ வாஸ் ஸ்ட்ரக்’ என்று அவரையே எழுவாயாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ‘பை’ சேர்த்து எழுதலாம். படிக்கிறவர் கண் அவரை விட்டு அகலாது.

நான்காவது பயன், எல்லோரையும் கட்டுப்படுத்துவது. இதற்கு அரசியல் சட்டமே பாடம். 14ஆம் பிரிவு செய்வினை: அரசு யாருக்கும் சமத்துவத்தை மறுக்காது. எழுவாய் ‘தி ஸ்டேட்’. 18ஆம் பிரிவு செயப்பாட்டு வினை: பட்டங்கள் வழங்கப்படாது. அங்கே ‘பை தி ஸ்டேட்’ என்று தெளிவாகவே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 17ஆம் பிரிவு: தீண்டாமை ‘ஈஸ் அபாலிஷ்டு’, அதை எந்த வடிவில் கடைப்பிடிப்பதும் ‘ஈஸ் ஃபர்பிடன்’. இரண்டுமே செயப்பாட்டு வினை. ‘பை’ கிடையாது. யாருக்குத் தடை? அரசுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் டீக்கடைக்காரரும் ஊர்ப் பெரியதனக்காரரும் தப்பித்திருப்பார்கள். ஆள் பெயர் போடாததால் அது எல்லோர் மீதும் விழுகிறது. சரி, ஒழித்தது யார்? முகவுரைக்குப் போங்க. அங்கே ‘வீ, தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்று எழுவாய் முதலிலேயே நிற்கிறது. அது செய்வினை.

ஆனால் குற்றத்தைத் தண்டிக்கப் போகும்போது சட்டம் மறுபடி செய்வினைக்கு வந்துவிடுகிறது. 1989ஆம் வருஷ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். ‘ஹூஎவர்’ என்று தொடங்குகிறது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத எவராவது, அந்தச் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவரை இன்னது செய்தால் என்று வாக்கியம் ஓடுகிறது. செய்தவர் எந்தச் சமூகம், செய்யப்பட்டவர் எந்தச் சமூகம், இரண்டுமே குற்றத்தின் உறுப்புகள். எழுவாயும் செயப்படுபொருளும் இல்லாமல் அந்தக் குற்றமே உருவாகாது. ‘எங்கள் தெரு தாக்கப்பட்டது, பொருட்கள் சேதப்படுத்தப்பட்டன’ என்று நாம் எழுதிக்கொடுத்தால் இலக்கணம் சரி, வழக்கு ஊனம்.

நம்முடைய பாட்டி ஸ்டேஷனுக்குப் போய் எப்படிச் சொல்லும்? ‘வூட்டக் கொளுத்திட்டாங்கய்யா. இன்னாரு மவன்தான் மொதல்ல நெருப்பு வச்சான்.’ சுத்தமான செய்வினை. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் இருக்கிறது. படிக்காத கிழவி எழுவாயை விடவில்லை. அது காகிதத்தில் ஏறும்போது ‘அடையாளம் தெரியாத நபர்களால் தீ வைக்கப்பட்டது’ என்றோ, ‘தீ விபத்து ஏற்பட்டது’ என்றோ ஆகிவிடக் கூடாது. அதைத் தடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும், அதற்கு முன்பிருந்த குற்ற நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவும் ஒன்றையே சொல்கின்றன. வாய்மொழியாகச் சொன்ன தகவல் நிலையப் பொறுப்பு அதிகாரியாலோ அவருடைய மேற்பார்வையிலோ எழுதப்பட வேண்டும். சொன்னவருக்கு அது படித்துக்காட்டப்பட வேண்டும். சொன்னவரால் கையெழுத்திடப்பட வேண்டும். நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். கவனித்தீர்களா? இவை செயப்பாட்டு வினைகள். ஆனால் எழுதுகிற கடமை யாருடையது என்று வரும் இடத்தில் சட்டம் ‘பை’ போட மறக்கவில்லை. வன்கொடுமைச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பதை அரசு ஊழியரின் கடமையாகவே 4ஆம் பிரிவில் எழுதிவிட்டது. ஆகவே படித்துக்காட்டும்போது வினைச்சொல்லைக் காது கொடுத்துக் கேளுங்கள். பாட்டி ‘கொளுத்தினான்’ என்றதை அவர்கள் ‘எரிந்தது’ என்று எழுதியிருந்தால் கைநாட்டு வைக்காதீர்கள் என்று சொல்லுங்கள்.

‘பை’ போட மறக்காதவர் இன்னொருவர் இருக்கிறார். 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக அம்பேத்கர் ஓர் உரை தயாரித்தார். அது நிகழ்த்தப்படவில்லை. ‘சாதியை ஒழித்தல்’ நூலின் முகப்பில் அவர் ‘நிகழ்த்தப்படாத உரை’ என்று செயப்பாட்டில் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. மாநாட்டை ரத்து செய்தது வரவேற்புக் குழு, காரணம் இன்னது என்று அங்கேயே பதிவு செய்துவிட்டார். நாற்காலி காலியாக இருக்க அவர் விடவில்லை.

கடைசியாக ஒன்று. செயப்பாட்டு வினை எதிரியை மட்டும் மறைப்பதில்லை, நம்மையும் மறைக்கிறது. ‘சலுகைகள் வழங்கப்பட்டன’, ‘உரிமைகள் அளிக்கப்பட்டன’ என்று படிக்கிறோம். யாரால்? ஏதோ ஒரு கருணையால் என்பது போலத் தொனிக்கிறது. போராடி வாங்கியவர்கள் எங்கே போனார்கள்? பொதுக் குளங்களையும் கிணறுகளையும் பயன்படுத்தத் தீண்டப்படாதார் அனுமதிக்கப்பட வேண்டும் என்று 1923இல் பம்பாய் சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள். 1924இல் மகாடு நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறக்கப்பட்டது. ஒரு வாய்த் தண்ணீர் யாரும் குடிக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்து போய் அந்தக் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். குடித்தார்கள் என்பது செய்வினை. அதன் பிறகுதான் அடி விழுந்தது, வழக்கு வந்தது, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது. வரலாறு எழுதும்போது ‘குளம் திறக்கப்பட்டது’ என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது வீட்டுப்பாடம். அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் ஒரு செய்தித்தாள் நறுக்குக் கொண்டுவாருங்கள். வன்கொடுமைச் செய்தியாக இருக்க வேண்டும், தமிழோ ஆங்கிலமோ பரவாயில்லை. நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். ‘நடந்தது, இறந்தார், எரிந்தது’ வகையறா முதல் கட்டத்தில். ‘தாக்கப்பட்டார், எரிக்கப்பட்டது’ இரண்டாவதில். ‘இன்னார் செய்தார்’ என்பது மூன்றாவதில். எந்தக் கட்டம் நிரம்புகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் அதே செய்தியை ஆங்கிலத்தில் ஒரு மனுவாக எழுதிக்கொண்டு வாருங்கள். ‘வாஸ்’, ‘வேர்’, ‘பீன்’ தப்பாக இருந்தால் நான் திருத்தித் தருகிறேன். ‘பை’க்குப் பின்னால் எழுத வேண்டியது உங்களுக்குத்தான் தெரியும்.